மூன்றிலிருந்து இரண்டுக்கு: ஒரு பஞ்சமத்தின் தூரம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தபோது அம்மா பின் இருக்கையில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். மலைப்பாதை என்றாலே எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் பையும் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறுபவர் அவர். காரவள்ளி அடிவாரத்தில் மூடிய கண்ணைச் சோளக்காட்டுச் சந்தையில்தான் திறந்தார். எலுமிச்சம்பழம் முகரப்படாமல் மடியிலேயே கிடந்தது. எட்டு மாதமாக ஒரே ஒரு வேலையைப் பழகி வருகிறேன்: கியரைக் குறைக்கும்போது வண்டி குலுங்கக் கூடாது. அதற்குக் கிடைத்த முதல் சான்றிதழ் அந்தத் தூக்கம்.

வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல், ஐந்து கியர், ஓடியது 70,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கியரைக் கூட்டிக்கொண்டு போவது எவருக்கும் சில மாதங்களில் கைவந்துவிடும். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. குறைப்பதுதான் கடினம். அதிலும் மூன்றிலிருந்து இரண்டு. மலையில் நாள் முழுக்கச் செய்ய வேண்டியிருப்பது அதைத்தான்.

என் வண்டியில் கணக்கு இப்படி வருகிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாம் கியரில் ஆர்பிஎம் முள் (நிமிடத்துக்கு என்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது) 1,900-ஐ ஒட்டி நிற்கும். அதே வேகத்துக்கு இரண்டாம் கியரில் 2,850 வேண்டும். கிளட்சை மிதித்துக் கியரை மாற்றும் நேரத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் என்ஜின் 1,200, 1,100 என்று இறங்கிவிடுகிறது. அந்த நிலையில் கிளட்சை விட்டால், குறைகிற சுற்றுகள் அத்தனையையும் சக்கரங்கள்தான் என்ஜினுக்குச் சுற்றிக் கொடுக்க வேண்டும். அதற்கான சக்தி வண்டியின் ஓட்டத்திலிருந்து பிடுங்கப்படுகிறது. உள்ளே இருப்பவர்களின் தலையை முன்னால் தள்ளுவது அந்தப் பிடுங்கல்தான். மழை பெய்த சாலையில் இதே பிடுங்கல் முன்சக்கரங்களை வழுக்கவும் வைக்கும்.

குலுங்காமல் இருக்க நம்மில் பெரும்பாலோர் கிளட்சை மிக மெதுவாக விடுகிறோம். நானும் ஆறு ஆண்டுகள் அப்படித்தான் ஓட்டினேன். குலுங்கல் குறையும், ஆனால் அந்த வித்தியாசத்தை முழுவதும் கிளட்ச் பிளேட் தேய்ந்து ஈடுகட்டுகிறது. 52,000 கிலோமீட்டரிலேயே பிளேட் போய்விட்டது. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கிளட்ச் மாற்றினால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். நான் போன பட்டறையில் பிளேட்டை மட்டும் மாற்றி, பழைய பேரிங்கையே திரும்பப் பூட்டிவிட்டார்கள். நான்கே மாதத்தில் கிளட்சை மிதித்தால் கரகரவென்று சத்தம். ஒரு பேரிங்குக்காகக் கியர்பாக்ஸை மறுபடியும் இறக்க வேண்டியதாயிற்று. உதிரிப்பாகத்தின் விலையைவிட இறக்கி ஏற்றும் கூலிதான் அதிகம். அந்தக் கோபத்தில்தான் இந்தப் பழக்கமே தொடங்கியது.

எங்கள் ஊர் நாமக்கல். லாரி ஓட்டிய கை இல்லாத தெரு இங்கே அரிது. இரண்டு வீடு தள்ளி இருக்கும் பெரியவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் லாரி ஓட்டியவர். கியர்பாக்ஸில் சின்க்ரோமெஷ் (கியர்களின் சுற்றைத் தானே ஒத்துப்போக வைக்கும் அமைப்பு) இல்லாத வண்டிகளில் தொழில் பழகியவர். காடிலாக் நிறுவனம் 1928-இலேயே தன் கார்களில் சின்க்ரோமெஷைக் கொண்டுவந்துவிட்டது என்றாலும், கனரக வண்டிகளில் அது இல்லாமலேயே பல காலம் ஓட்டினார்கள். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரைக் கொடுத்து, மறுபடி கிளட்சை மிதித்துக் கீழ்க் கியரைப் போட வேண்டும். டபுள் கிளட்ச். சுற்று பொருந்தாவிட்டால் கியர் விழவே விழாது, பற்கள் அலறும்.

பக்கத்தில் உட்கார்ந்து நான் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றுதான் சொன்னார். “தம்பி, அந்த முள்ளைப் பார்க்காதீர்கள். எங்கள் லாரியில் முள் எங்கே இருந்தது? காதைக் கொடுங்கள்.”

காதைக் கொடுத்தேன். மூன்று மாதம் எதுவும் கேட்கவில்லை. கிளட்சை மிதிப்பேன், என்ஜினின் சுற்றை ஏற்ற ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டுவேன், கியரைப் போடுவேன், கிளட்சை விடுவேன், வண்டி குலுங்கும். இன்னும் ஓங்கித் தட்டினால் இன்னும் அதிகமாகக் குலுங்கும். எங்கே தவறு என்று பிடிபடவில்லை. பிறகு கைப்பேசியை இருக்கைக்கு அடியில் வைத்து ஒலிப்பதிவு செய்து, இரவில் திரும்பத் திரும்பக் கேட்டேன். விடை அதில் இருந்தது. என் தட்டு மிகவும் முந்திவிடுகிறது. என்ஜின் 3,500 வரை எகிறுகிறது, நான் கியரைத் தள்ளி முடிப்பதற்குள் சத்தம் வடிந்துவிடுகிறது. கிளட்ச் பிடிக்கும் கணத்தில் என்ஜின் மறுபடி கீழேதான் இருக்கிறது. போதாக்குறைக்கு என் வண்டியில் ஆக்சிலேட்டர் கம்பியால் இழுபடுவதில்லை, மின்னணு வழியாகப் போகிறது. மிதித்ததற்கும் என்ஜின் பதில் சொல்வதற்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி. பந்தயக்காரர்கள் தட்டுவதைப் பார்த்து நானும் தட்டினேன். அவர்களுடைய இடது காலின் வேகம் என்னிடம் இல்லை, எனக்கு அது தேவையும் இல்லை.

ஆகவே தட்டுவதை விட்டுவிட்டுப் பிடித்து நிறுத்தினேன். கிளட்ச் கீழே போனவுடன் வலது கால் ஆக்சிலேட்டரில் சிறிது அழுந்தி, அந்த அழுத்தத்திலேயே நிற்க வேண்டும். என்ஜின் ஒரே சுதியில் ஒலிக்கும்போது கியர் இரண்டுக்கு வரும், கிளட்ச் மேலே வரும். கிளட்ச் முழுதாகப் பிடித்த பிறகே வலது கால் தன் வேலையை மாற்றலாம். எழுதுவதற்கு நாலு வரி. காலுக்குப் புரிய ஆறு வாரம் ஆனது. இடது கால் எழும்போது வலது காலும் கூடவே எழத் துடிக்கும். அந்தத் துடிப்பை அடக்குவதுதான் வித்தையின் பாதி.

மீதிப் பாதியைத் தந்தவர் அம்மா. சிறு வயதில் சில ஆண்டுகள் வாய்ப்பாட்டு கற்றவர். சேந்தமங்கலம் சாலையில் ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு வந்தவர், “பஞ்சமத்துக்குப் போகப் பார்க்கிறாய், எட்டாமல் நின்றுவிடுகிறாய்” என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்றாம் கியரின் ஓசையை ‘ச’ என்று வைத்துக்கொண்டு மெல்ல முனகினார், பிறகு ‘ப’ பாடினார். அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2,850-ஐ 1,900-ஆல் வகுத்தால் ஒன்றரை. சட்ஜமத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள விகிதமும் அதேதான், மூன்றுக்கு இரண்டு. உடம்பெல்லாம் சிலிர்த்தது.

நான்கிலிருந்து மூன்றையும் பார்த்தேன். 40-இல் நான்காம் கியர் 1,450 காட்டுகிறது. மூன்றுக்கான 1,900-ஐ அதனால் வகுத்தால் 1.31. ‘ச’-வுக்கு மேலே சுத்த மத்தியமம், அதாவது ‘ம’, 1.33. ஒட்டி வருகிறது. இரண்டிலிருந்து ஒன்று கிட்டத்தட்ட 1.86. காகலி நிஷாதத்தின், அதாவது மேல் ‘நி’-யின், 1.875-க்குப் பக்கத்தில் நிற்கிறது. இதெல்லாம் என் வண்டியின் கியர் விகிதத்துக்குத்தான் பொருந்தும். உங்கள் வண்டியில் வேறு ஸ்வரம் வரலாம், ஒரு முறை அளந்துகொள்ளுங்கள். இதில் உள்ள வசதி என்னவென்றால், வேகம் எதுவானாலும் விகிதம் மாறாது. 30-இல் குறைத்தாலும் 50-இல் குறைத்தாலும் அதே ‘ச’–‘ப’. முள்ளைப் பார்க்க வேண்டியதே இல்லை, கண் சாலையில் இருக்கலாம். பெரியவர் முப்பது ஆண்டு காதால் செய்ததும் இதையேதான் என்று நினைக்கிறேன், பெயர் வைக்காமல்.

மலையில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. ஏற்றத்தில் கிளட்ச் மிதிபட்டிருக்கும் அந்த ஒரு விநாடியிலேயே வண்டி மூன்று நான்கு கிலோமீட்டர் வேகத்தை இழந்துவிடும். எனவே முழுப் பஞ்சமம் பிடித்தால் சற்று அதிகமாகி வண்டி முன்னே எக்கும். ‘ப’-வுக்கு ஒரு மயிரிழை கீழே நிறுத்த வேண்டும். இறக்கத்தில் நேர் எதிர். கிளட்ச் மிதிபட்ட நேரத்தில் வண்டி வேகம் பிடிப்பதால், ‘ப’-வைத் தாண்டிச் சற்று மேலே போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஏறும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு 23 முறை மாற்றினேன். பத்தொன்பது சுத்தம். மூன்று முறை மெல்லிய அதிர்வு. ஒன்று மட்டும் மோசம், எதிரே பஸ் இறங்கி வந்த பதற்றத்தில் கால் பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது.

முதல் கியருக்கு மட்டும் பெரியவரின் டபுள் கிளட்சைப் பயன்படுத்துகிறேன். செங்குத்தான சில வளைவுகளில் 15 கிலோமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் இரண்டாம் கியரிலும் என்ஜின் திணறும். உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியரைப் போட்டால் குச்சி முரண்டு பிடிக்கும். சின்க்ரோமெஷின் பித்தளை வளையம் அவ்வளவு பெரிய வித்தியாசத்தைச் சமன்செய்யப் போராடுகிறது. நடுவே நியூட்ரலில் கிளட்சை விட்டு ஒரு சுதி கொடுத்துப் போட்டால் வெண்ணெயில் கத்தி போல இறங்குகிறது. மூன்று–இரண்டில் நான் செய்வது கிளட்ச் பிளேட்டைக் காப்பாற்ற. டபுள் கிளட்ச் காப்பாற்றுவது அந்தப் பித்தளை வளையத்தை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவதை அடிக்கடி கேட்கிறேன்.

இனி, பணிய மறுக்கும் பகுதி. பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்சிலேட்டரும் கொடுப்பது. முன்பாதம் பிரேக்கில், பாதத்தின் வலது ஓரமோ குதிகாலோ ஆக்சிலேட்டரில். இறக்கத்தில் இது இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! என் வண்டியில் பிரேக் மிதி ஆக்சிலேட்டரைவிட 4 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பந்தயத்தில் பிரேக்கை ஓங்கி மிதிப்பார்கள், மிதி கீழே வந்து இரண்டும் சமமாகிவிடும். அம்மா இருக்கும் வண்டியில் அப்படி மிதிக்க முடியுமா? மென்மையாக மிதித்தால் உயரம் பாதிகூடக் குறைவதில்லை. என் பாதம் ஆக்சிலேட்டரைத் தொடும் முன்பே பிரேக்கின் அழுத்தம் மாறி, வண்டி வேறு விதமாகக் குலுங்குகிறது. சில கார்களில் இரண்டையும் சேர்த்து மிதித்தால் கணினி ஆக்சிலேட்டரையே துண்டித்துவிடும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

ஆக்சிலேட்டரின் உயரத்தைக் கூட்ட அதன் மேல் மாட்டும் அலுமினிய உறையை, சென்னைக்குப் போனபோது வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள ஜி.பி. ரோட்டில் தேடினேன். கிடைப்பதெல்லாம் அழுத்தி மாட்டும் வகை. கையால் அசைத்தாலே நகர்கிறது. பிரேக்குக்குப் பக்கத்தில் நகரும் பொருளை நான் வைக்க மாட்டேன். வாங்காமல் வந்துவிட்டேன். உருப்படியாகக் கிடைத்தது மெல்லிய ரப்பர் அடி கொண்ட கான்வாஸ் காலணி ஒன்று. தடித்த அடியுள்ள காலணியில் ஆக்சிலேட்டரின் அந்தச் சின்ன அழுத்தம் தெரியவே தெரியாது. முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. இதுவரை இந்தப் பழக்கத்துக்குச் செலவழித்ததில் இதுதான் மிகப் பெரிய பயன்.

இப்போதைக்கு இறக்கத்தில் வேறு வழி வைத்திருக்கிறேன். வளைவுக்கு முன்பே நேர்ச்சாலையில் பிரேக்கை முடித்து, காலை எடுத்து, பஞ்சமத்தைச் சற்றுத் தாண்டி இரண்டாம் கியரைப் போட்டு, அதன் பிறகு அதே கியரில் அடிவாரம்வரை வருகிறேன். என்ஜினே பிடித்துக்கொள்வதால் பிரேக் சூடாவதும் குறைகிறது. வண்டி நிறுத்துமிடத்தில் என்ஜினை அணைத்துவிட்டு, புதுக் காலணியோடு தினமும் ஐம்பது முறை பாதத்தைத் திருப்பிப் பழகுகிறேன். கணுக்கால் இப்போதுதான் சற்று இளகுகிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவுகள். பொங்கலுக்குப் பிறகு போகலாம் என்று அம்மாவே கேட்டிருக்கிறார்.