முன்னாள் ராணுவத்தினர் மக்களவைக்குப் போட்டியிட்டால்: குவார்ட்டர்ஸ் சான்றை மறக்காதீர்கள்

2024 மக்களவைத் தேர்தலில் எங்கள் தொகுதியில் சுயேச்சையாக நின்றேன். டெபாசிட் போனது. அதில் பெரிய வருத்தமில்லை. டெபாசிட் திரும்பக் கிடைக்கத் தேவையான, செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கை நான் வாங்கிவிடுவேன் என்று என் மனைவியே நம்பவில்லை. ஆனால் மனுத் தாக்கல் செய்த அந்த வாரத்தை நினைத்தால் இன்னும் எரிகிறது. ஓய்வு பெற்ற ராணுவத்தினர் வேறு யாராவது நிற்கும் எண்ணத்தில் இருந்தால் பயன்படட்டும்.

25,000 ரூபாய் டெபாசிட், தேர்தல் செலவுக்கான தனி வங்கிக் கணக்கு, நோட்டரி கையொப்பம் எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. இடறியது படிவம் 26, அதாவது பிரமாணப் பத்திரம். அறிவிக்கை நாளுக்கு முந்தைய பத்து ஆண்டுகளில் அரசு ஒதுக்கிய குடியிருப்பில் இருந்தீர்களா என்று அதில் ஒரு கேள்வி உண்டு. இருந்திருந்தால் வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி எதிலும் பாக்கியில்லை என்று சான்று வைக்க வேண்டும். அரசியல்வாதிக்கு அது டெல்லி பங்களா. நமக்கு ராணுவம் ஒதுக்கிய ஃபேமிலி குவார்ட்டர்ஸ். 2017-இல் ஓய்வு பெறும்வரை வடக்கே ஒரு கன்டோன்மென்ட்டில், அதாவது ராணுவக் குடியிருப்புப் பகுதியில், குடும்பத்தோடு இருந்தவன் நான்.

உதவி மேசையில் இருந்த எழுத்தரிடம் முன்கூட்டியே கேட்டேன். "அதெல்லாம் எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கு சார், மிலிட்டரிக்கு இல்லை" என்றார், தலையை நிமிர்த்தாமலே. மனுவோடு போன அன்று பக்கத்து மேசைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "குவார்ட்டர்ஸ் சான்று எங்கே?" எழுத்தர் டீ குடிக்கப் போயிருந்தார்.

மனு வாங்கும் காலம் மார்ச் 20 முதல் 27 வரை. கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கிறது. 23, 24 சனி, ஞாயிறு, மனு வாங்கவில்லை. 25 திங்கட்கிழமை இங்கே அலுவலகம் உண்டு, சான்று வர வேண்டிய வடக்கே ஹோலி விடுமுறை. மற்ற நாட்களிலும் காலை 11 முதல் பிற்பகல் 3 மணிவரைதான். நான் இருந்த கன்டோன்மென்ட் ஊரிலேயே வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்ட பழைய தோழர் ஒருவர் இருந்தார். அவர் இல்லையென்றால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஹோலிக்கு மறுநாள் அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் போய் நின்று, சான்றை வாங்கி, ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பினார். ஸ்கேன் பிரதி செல்லுமா என்று இங்கே மேலிடத்தைக் கேட்டார்கள். செல்லும் என்று பதில் வந்தது. வேண்டாம் என்று சொன்ன அதே எழுத்தர்தான் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்தினார்.

ஆகவே, வீட்டை ஒப்படைக்கும்போது கொடுத்த கிளியரன்ஸ் பேப்பரைப் பத்திரமாக வையுங்கள். புதிய சான்று கேட்கும்போது கைகொடுக்கும். படிவத்தில் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள். 'இல்லை', 'பொருந்தாது' என்று ஏதாவது எழுதுங்கள். காலியாக விட்டால் மனுவை நிராகரிக்கலாம் என்று 2013-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சுயேச்சைக்கு முன்மொழிபவர்கள் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். எங்கள் சங்கத்து நண்பர் ஒருவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான், அவர் தெரு பக்கத்துத் தொகுதியில் வருகிறது என்று தெரிந்தது. ஒருவர் நான்கு மனுக்கள் வரை கொடுக்கலாம், டெபாசிட் ஒன்றே போதும். நான் வேறு பத்துப் பேரை வைத்து இரண்டாவது மனுவும் போட்டேன். மனு கொடுத்த கையோடு உறுதிமொழியும் எடுத்துவிடுங்கள்.

சின்னம் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறு. விடுங்கள்.

துண்டறிக்கையில் சீருடையோடு இருக்கும் என் படத்தைப் போடலாம் என்றிருந்தேன். பாதுகாப்புப் படையினரின் படங்களைப் பிரசாரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2019-இல் மீண்டும் வலியுறுத்திய கடிதத்தை நீட்டினார்கள். "அது என் முகம்தானே ஐயா" என்றேன். அச்சகத்துக்குப் போவதற்குள் சொன்னார்களே, அந்த மட்டில் நன்றி. வேட்டி சட்டைப் படம் போட்டு, பெயருக்கு முன்னால் 'சுபேதார்', பின்னால் 'ஓய்வு' என்று அச்சடித்தோம். அச்சகத்தின் பெயர், வெளியிடுபவர் பெயர் இரண்டும் கட்டாயம்.

செலவு உச்சவரம்பு 95 லட்சம். என் மொத்தச் செலவு அதன் ஓரத்தைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் கணக்கு காட்டும் வேலை பெரிய கட்சிக்காரர்களுக்கு உள்ள அதே வேலைதான். பிரசாரத்தின்போது மூன்று முறை பதிவேட்டைக் காட்ட வேண்டும். தேர்தல் செலவைக் கண்காணிக்கும் அலுவலர்களிடம், நம் செலவை அவர்களே குறித்து வைக்கும் நிழல் பதிவேடு ஒன்று தனியாக இருக்கிறது. நாற்காலி, டீ, ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் மாவட்டத்தில் வகுத்த விலைதான் அதில் ஏறும். ஊர்க்காரர் இலவசமாகக் கொடுத்த நாற்காலிகளுக்கும் வாடகை எழுதியிருந்தார்கள். வாதாடிப் பார்த்தேன், இலவசமும் செலவுக் கணக்கில்தான் வருமாம்.

தோற்றவர்கள் பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். முடிவு வந்த 30 நாட்களுக்குள் இறுதிக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டுகள் போட்டியிடத் தகுதியிழப்பு வரலாம். நான் ஜூன் மாதமே கொடுத்தேன். ஒப்புகைச் சீட்டுக்குப் பிறகு வாருங்கள் என்றார்கள். கையில் கிடைக்கும்வரை அந்தப் பெஞ்சை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.