அடைமுட்டையும் என் காது ஆராய்ச்சியும்

நம்ம ஸ்கூல் பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை எழுதுங்கள் என்று செயலாளர் கேட்டபோது, ஸ்கூலைப் பற்றியா, என் வேலையைப் பற்றியா என்றேன். ரெண்டும்தான் என்றார். சங்கக் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைக் காது டாக்டர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் வைத்தியம் பார்ப்பதில்லை. கருவில் உள்காது எப்படி உருவாகிறது என்று பார்க்கிறவன், அதுவும் பெரும்பாலும் கோழிக்கருவில்.

கோழி வந்தது நம்ம சயின்ஸ் சாரால்தான். தண்டவாளத்தை ஒட்டிய அந்த வகுப்பில், பேசின் பிரிட்ஜ் பக்கமிருந்து கூட்ஸ் வண்டி வந்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, கடைசிப் பெட்டி போனதும் விட்ட இடத்திலிருந்தே தொடருவாரே, அதே சார். வியாசர்பாடியில் நாட்டுக்கோழி வளர்த்த ஒரு ஆயாவிடம் கெஞ்சி, அடையில் இருந்த மூன்று நாள் முட்டையை வாங்கிவந்து சாசரில் உடைத்து ஊற்றினார். மஞ்சள் கருவின் மேல் வலைபோல ரத்த நாளங்கள், நடுவில் துடிக்கிற சிவப்புப் புள்ளி. பின் பெஞ்சிலிருந்து ‘சார், இனிமே ஆம்லெட் எப்படி சார் சாப்பிடுறது’ என்று ஒரு குரல். (யாரென்று உங்களுக்கே தெரியும்.) எல்லோரும் இதயத்தைத்தான் பார்த்தோம். அதே முட்டையில் காதும் இருந்தது என்று எனக்குத் தெரிந்தது, தரமணியில் எம்.எஸ்சி. படித்தபோது.

அடைகாக்க ஆரம்பித்த இரண்டாம் நாளே பின்மூளைக்கு இரண்டு பக்கமும் மேல்தோல் கொஞ்சம் தடிக்கும். அப்புறம் அது குழிந்து, வாய் மூடி, ஒரு சிறிய பையாகும். கேட்கிற உறுப்பு, தலை சுற்றாமல் நிற்க வைக்கிற அரைவட்டக் குழல்கள், மூளைக்குச் செய்தி கொண்டுபோகிற நரம்பு செல்கள் எல்லாம் அந்த ஒரு பையிலிருந்துதான். தோல் எப்படித் தன்னைக் காது என்று முடிவு செய்கிறது? அக்கம்பக்கத்துத் திசுக்கள் எஃப்.ஜி.எஃப். என்கிற புரதங்களால் சைகை அனுப்புகின்றன. இங்கிலாந்துக்கு வந்து நான் செய்த பிஎச்.டி. முழுக்க இதுதான்: சிரிஞ்சால் கொஞ்சம் வெள்ளைக் கருவை உறிஞ்சி எடுத்து, ஓட்டில் ஜன்னல் வெட்டி, புரதத்தில் ஊறிய பொடிமணி ஒன்றை உள்ளே வைத்து, டேப் ஒட்டி மறுபடி இன்குபேட்டரில் வைப்பது. கை நடுங்கினால் கரு போச்சு. ஊரில் அம்மாவிடம் முட்டைக்கு ஆபரேஷன் செய்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

காதை ஆராய எல்லோரும் முட்டையிலிருந்துதான் வருவார்கள் என்றில்லை, டெலிபோன் கம்பெனியிலிருந்தும் வருவார்கள். புடாபெஸ்டில் தொலைபேசி ஆய்வகத்தில் இருந்த பெக்கஷி, ஒலி, உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள் அலையாக ஓடுவதைக் கண்டுபிடித்து 1961-ல் நோபல் வாங்கினார். நம்ம செட்டில் டெலிபோன்ஸில் சேர்ந்தவர்கள் பென்ஷன்தான் வாங்கினார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம்ம தெருக்களில் மில்லிலும் பட்டறையிலும் வேலை பார்த்த பெரியவர்கள் எவ்வளவு சத்தமாகப் பேசுவார்கள் என்று நினைவிருக்கும். சண்டை இல்லை, காது மந்தம். ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றுகிற மயிர் செல்கள் மனிதக் காக்ளியா ஒன்றில் ஏறக்குறைய 15,000தான். பிறப்பதற்கு முன்பே எண்ணிக்கை முடிந்துவிடும். இரைச்சலாலோ, ஸ்ட்ரெப்டோமைசின் மாதிரி மருந்தாலோ செத்தால் புதிதாக முளைக்காது. கோழிக்கு முளைக்கும். 1988-ல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள், ஒன்று கோழிக்குஞ்சில், ஒன்று காடையில், இதைக் காட்டின. பக்கத்தில் தாங்கி நிற்கிற துணை செல்களே பிரிந்து மயிர் செல்லாகின்றன.

அப்படியென்றால் நமக்கு ஏன் இல்லை? பிஎச்.டி.க்குப் பிறகு என் காலம் முழுக்க இந்தக் கேள்வியில்தான் போனது. ஏடோஎச்1 என்கிற மரபணு இல்லாத எலிக்கு மயிர் செல்லே உருவாகாது என்று 1999-ல் தெரிந்ததும், அதை உள்ளே செலுத்தினால் போதும், செவிடு தீர்ந்தது என்று பேச்சு கிளம்பியது. நான் அப்போதும் நம்பவில்லை, இப்போதும் நம்பவில்லை. பிறந்த சில நாள் எலிக்குட்டியில் துணை செல்கள் ஓரளவு மயிர் செல்லாக மாறும்; அப்புறம் அந்தக் கதவு மூடிவிடுகிறது. மரபணுவைத் தட்டினால் மட்டும் அது திறப்பதில்லை.

2024-ல் ஓடோஃபெர்லின் என்கிற புரதம் இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்கு மரபணு சிகிச்சையில் காது கேட்டதாக வந்த செய்தியை எனக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பாதவர் இல்லை. அது நிஜம்தான், அருமையான வேலை. ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு மயிர் செல்கள் இருக்கின்றன, செய்தியை நரம்புக்குத் தள்ளிவிடும் அந்தப் புரதம்தான் இல்லை. மில் இரைச்சலில் போனதை அது கொண்டுவராது. பிறவிக் காது கேளாமை சொந்தத்தில் கல்யாணம் நடந்த வீடுகளில் அதிகம், அதனால் அங்கே குழந்தை பிறந்தால் உடனே காதைச் சோதித்துவிடுங்கள், காக்ளியாவுக்குள் வைத்துக் கேட்க வைக்கும் கருவியான காக்ளியர் இம்ப்ளான்ட் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே சின்னக் குழந்தைகளுக்குக் கிடைக்கிறது, சீக்கிரம் வைத்தால்தான் பேச்சு நன்றாக வரும்.

எனக்கு ஓய்வு நெருங்குகிறது. அந்தக் கதவு எலியில் எந்த நாளில், எதனால் மூடுகிறது என்று என் மாணவி ஒருத்தி இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்னை மாதிரி முட்டையில் ஜன்னல் வெட்ட அவளுக்குப் பொறுமை இல்லை, ஆனால் என்னைவிட நல்ல கேள்வி கேட்கிறாள்.