ஃபோம் போர்டில் பி5, பி6, பி7: வேலை இதுவரை

மேற்கு ஜெர்மன் போலீஸுக்காக 1970களில் உருவான மூன்று கைத்துப்பாக்கிகளை ஃபோம் போர்டில் வெட்டி, உள்பாகங்கள் தெரிகிற மாதிரி பலகையில் பொருத்திக்கொண்டிருக்கிறேன். நிஜ அளவைப் போல இரண்டு மடங்கு, தட்டையான குறுக்குவெட்டு. ஹேமரும் (பின்னால் இருந்து அடிக்கும் சுத்தி) ட்ரிக்கரும் (விசை) குண்டூசியில் அசையும். ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் பேண்ட்.

அதுவரை அங்கே போலீஸ் இடுப்பில் இருந்தது பெரும்பாலும் வால்தர் பிபி ரகம், 7.65 மி.மீ. தோட்டா. 1972 மியூனிக் ஒலிம்பிக் படுகொலையும், அந்தப் பத்தாண்டு முழுக்க நடந்த செம்படைக் குழு என்ற மேற்கு ஜெர்மன் இடதுசாரித் தீவிரவாதிகளின் தாக்குதல்களும் அது போதாது என்று காட்டிவிட்டன. புதிதாக வந்த விதிமுறை 9 மி.மீ. பாராபெல்லம் தோட்டா, மேகசினில் 8, நீளம் 180 மி.மீ.க்குள், எடை 1 கிலோவுக்குள் என்று கேட்டது. இதெல்லாம் பெரிய விஷயமில்லை. உறையிலிருந்து உருவியதும் எந்த சேஃப்டியையும் தள்ளாமல் சுட முடிய வேண்டும், ஆனால் கீழே விழுந்தால் வெடிக்கக் கூடாது என்றார்களே, அதில்தான் மூன்று கம்பெனிகளும் மூன்று வழியில் போயின.

முதலில் வால்தர் பி5. வால்தரின் பழைய ராணுவத் துப்பாக்கியான பி38-இன் பூட்டும் முறையேதான், காலித் தோட்டாவும் அதைப் போலவே இடது பக்கம் விழும். சூட்சுமம் ஃபயரிங் பின்னில், அதாவது ஹேமர் அடித்ததும் தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும் ஊசியில் இருக்கிறது. சாதாரணமாக அது சற்றுத் தாழ்ந்து, ஹேமர் முகத்தில் உள்ள குழிக்கு நேராக நிற்கும். ஹேமர் விழுந்தாலும் பின்னில் அடி படாது. ட்ரிக்கரை முழுக்க இழுத்தால்தான் பின் மேலே ஏறும். அட்டையில் இதைச் செய்து காட்டுவது சுகமான வேலை.

பி6 என்பது ஸிக் ஸாவர் பி225. வடிவமைப்பு சுவிட்சர்லாந்து, தயாரிப்பு ஜெர்மனியின் எக்கர்ன்ஃபோர்டே. ஹேமரைப் பத்திரமாக இறக்க இடது பக்கம் ஒரு லீவர், உள்ளே பின்னைத் தடுக்கும் கட்டை, அவ்வளவுதான். ஹேமர் நுனியில் கொக்கி போல ஒரு வெட்டு உண்டு: துப்பாக்கி அதன்மேல் விழுந்திருந்தால் நுனி வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். எனக்குப் பிடித்த பாகம் அதுதான்.

ஹெக்லர் அண்ட் கோஹ் பி7-தான் இன்னும் படுத்துகிறது. பிடியின் முன்பக்கத்தை சைக்கிள் பிரேக் பிடிப்பது போல அழுத்தினால் ஸ்டிரைக்கர் (ஹேமர் இல்லாமல் ஸ்பிரிங் விசையிலேயே போய்த் தோட்டாவைக் குத்தும் ஊசி) தயார். விட்டால் தானாக இறங்கிவிடும். அழுத்த சுமார் 7 கிலோ விசை வேண்டும், அழுத்திய பிறகு பிடித்துக்கொள்ள ஒரு கிலோ கூட வேண்டாம். இந்த வித்தியாசம்தான் ரப்பர் பேண்டில் வரமாட்டேன் என்கிறது. குழலுக்கு அடியில் ஒரு பிஸ்டன். சுடும்போது வாயு அதில் புகுந்து ஸ்லைடு (மேலே முன்பின் நகரும் பாகம்) பின்னால் போவதைத் தாமதப்படுத்தும். தொடர்ந்து சுட்டால் அந்த இடம் சூடேறும் என்பது இதன் பழைய குறை.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. மூன்றிலும் குட்டையானது பி7, ஆனால் குழல் நீளம் அதற்கே அதிகம்: 105 மி.மீ. பி6-க்கு 98, பி5-க்கு 90. பின்னால் ஹேமர் இல்லாததால் மிச்சமான இடம் அது.

அங்கே போலீஸ் மாநிலத்தின் பொறுப்பு. அதனால் ஒரே துப்பாக்கி என்று முடிவாகவில்லை. பவேரியாவும் லோயர் சாக்ஸனியும் பி7 வாங்கின, பாடன்-வுர்ட்டம்பெர்க் பி5, இன்னும் பல மாநிலங்கள் பி6. புத்திசாலித்தனத்துக்கு பி7 என்றாலும், ஆயிரக்கணக்கான பேருக்கு வாங்கிப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றால் நானும் பி6-தான் வாங்கியிருப்பேன். பின்னாளில் பவேரியா பி7-ஐயும் பெர்லின் பி6-ஐயும் விட்டு ஹெக்லர் அண்ட் கோஹின் புதிய துப்பாக்கியான எஸ்எஃப்பி9-க்கு மாறின.

பி7-க்கு ரப்பர் பேண்டை விட்டு, பழைய பேனா ஸ்பிரிங் போட்டுப் பார்க்கப் போகிறேன். அப்புறம் கிழக்கு ஜெர்மன் போலீஸ் வைத்திருந்த, சூல் நகரில் தயாரான மகரோவ் என்ற சோவியத் வடிவமைப்புக் கைத்துப்பாக்கி. பாகங்கள் குறைவு, சீக்கிரம் வெட்டிவிடலாம்.