ஒரே வர்க்கி, இரண்டு சந்தை

வணிகவியல் மாணவர்கள் ஊட்டிக் கடைகளுக்குக் களப்பணிக்கு வரும்போது நோட்டில் நான்கு கட்டம் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள்: பொருள், விலை, இடம், மேம்பாடு (விளம்பரம் முதலான விற்பனைத் தூண்டல்). சந்தையிடுகைக் கலவையை (மார்க்கெட்டிங் மிக்ஸ்) இந்த நான்கு தலைப்பில் 1960-ல் அடுக்கித் தந்தவர் ஜெரோம் மெக்கார்த்தி என்பது தேர்வுக்கு வேண்டும், எழுதட்டும். கட்டங்களை நிரப்புகிற அவசரத்தில் ‘யாருக்கு?’ என்ற கேள்வி விட்டுப்போகிறது. நான்கு கட்டத்துக்கும் மேலே, முதல் வரியாக எழுத வேண்டியது அது. அதை எழுதாமல் நிரப்பிய தாளை எப்படியும் பாதியில் கிழித்துப் போட வேண்டிவரும்.

ஊட்டியின் மொறுமொறு டீ பிஸ்கட்டான வர்க்கியை எடுத்துக்கொள்வோம். மார்க்கெட் பக்கம் காலையில் வந்து வாங்குகிற உள்ளூர்க்காரருக்கு அன்றைய டீக்குத் தொட்டுக்கொள்ள 200 கிராம் போதும். அடுப்பிலிருந்து இறங்கியதா, மொறுமொறுப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். நன்றாக இருந்தால் நாளையும் வருவார். இல்லாவிட்டால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார், காரணம் சொல்லமாட்டார். சுற்றுலாப் பயணிகள் கூடும் சேரிங்கிராஸ் சந்திப்பில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்குகிறவர் கணக்கு வேறு. மாமியார் வீட்டுக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்கு ஒன்று, ஆபீசுக்கு இரண்டு. தின்பதைவிடக் கொடுப்பதற்காக வாங்குகிறார். பாக்கெட் பார்க்க நன்றாக இருக்க வேண்டும், ஊர் பெயர் பெரிதாகத் தெரிய வேண்டும், ஒரு வாரமாவது தாங்க வேண்டும். பாடப்புத்தகம் சந்தைப் பிரிவாக்கம் என்று சொல்வது இதைத்தான். வயது, வருமானம், பாலினம் என்று பிரித்து அட்டவணை போடுவதைவிட, எதற்காக வாங்குகிறார் என்று பிரிப்பது இந்த மலையில் அதிகம் உதவும்.

பிரித்தவுடன் பொருளே இரண்டாகிவிடுகிறது. மைதா, சர்க்கரை, உப்பு, டால்டா அல்லது நெய், ‘மாவா’ என்கிற புளிக்கவைத்த கலவை, விறகு அடுப்பு எல்லாம் ஒன்றுதான். ஆனால் சுற்றுலா வர்க்கி சாலையைத் தாண்ட வேண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றுத் தாண்டும். கீழேயிருந்து வரும் சிப்ஸ் பாக்கெட் மேலே வந்ததும் பலூன் மாதிரி உப்பி நிற்பதை எல்லாரும் பார்த்திருப்போம். வர்க்கிக்கு நடப்பது அதன் தலைகீழ். ஊட்டியில் சீல் வைத்த பாக்கெட் கீழே இறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தம் கூடி, உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடுகிறது. மெத்தையாக இருந்த காற்று போய், பிளாஸ்டிக் உறை வர்க்கியோடு ஒட்டிக்கொள்கிறது. அதோடு கொண்டை ஊசி வளைவுகளில் மேலே அடுக்கிய பை உருண்டு விழுந்தால், ஊர் போய்ச் சேர்வது பாதி வர்க்கி, பாதி தூள். இதற்குக் காற்றை இன்னும் நிறைய அடைப்பது தீர்வு இல்லை. பாக்கெட்டைத் தாங்கும் அட்டைப்பெட்டிதான் தீர்வு.

அடுத்தது ஈரம். ஜூன், ஜூலையில் சாரலும் மூடுபனியும் விடாமல் இருக்கும்போது திறந்து வைத்த தட்டு வர்க்கி சீக்கிரமே நமுத்துப்போகும். சூடு ஆறுவதற்குள் பாக்கெட் போட்டாலும் அதே கதிதான்: உள்ளே வேர்த்து, அடியில் இருப்பது மெத்தென்று ஆகிவிடும். ரொம்ப நாள் கிடந்தால் கொழுப்பு கெட்டுச் சிக்குவாடை அடிக்கும். ‘தரம்’ என்று ஒற்றைச் சொல்லில் எழுதி முடிக்கிற இடத்தில் மாணவர்கள் எழுத வேண்டியது இந்த மூன்றையும்தான்: நொறுங்கல், நமுத்தல், சிக்கு. மூன்றுக்கும் காரணம் வேறு, செலவும் வேறு.

செலவு என்றதும் விலைக்கு வருகிறோம். பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். எண்கள் எளிமைக்காக வைத்தவை, வரியைச் சேர்க்கவில்லை. ஒரு கிலோவுக்குப் பொருட்செலவு 120 ரூபாய், விறகும் கூலியும் 45, நான்கு கால்கிலோ பாக்கெட்டுக்கு 40, உடைசலுக்கும் திரும்பி வருவதற்கும் 20. ஆக 225. விற்பது 300-க்கு. கிலோவுக்கு 75 ரூபாய் நிற்கிறது. கடை வாடகை, நிரந்தரச் சம்பளம், மின்கட்டணம் சேர்ந்து மாதம் 45,000 என்றால், 600 கிலோ விற்றால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. நாளுக்கு 20 கிலோ. புத்தகக் கணக்கு இங்கே முடிந்துவிடும்.

மலையில் முடியாது. இங்கே மாதம் என்பது சமமான மாதம் இல்லை. ஏப்ரல், மே இரண்டு மாதமும் நாளுக்கு 40 கிலோ போகிறது என்று வைத்தால் 60 நாளில் 2,400 கிலோ. மீதியில் மழை, கடையடைப்பு போக 300 நாள். நாளுக்கு 8 கிலோ என்றால் அதுவும் 2,400. மொத்தம் 4,800. ஆனால் வருடத்துக்கு வேண்டியது 7,200. குறைகிற 2,400 கிலோவை 75-ஆல் பெருக்கினால் 1,80,000 ரூபாய் கைநட்டம். மே மாதக் கல்லாவை மட்டும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துக் கடை பிடிப்பவர்கள் அடுத்த மே வருவதற்குள் கடையைக் காலி செய்வது இதனால்தான்.

அந்த நட்டத்தை உள்ளூர்க்காரர் அடைக்க முடியும். பாக்கெட் செலவு இல்லை, பேப்பர் கவர் மட்டும். உடைசலும் மிகக் குறைவு. அச்சடித்த செய்தித்தாளில் மட்டும் கட்டக் கூடாது, மை ஒட்டும். அடக்கம் 170, விலை 215 என்றால் கிலோவுக்கு 45 ரூபாய்தான் நிற்கும். பார்க்கச் சின்னத் தொகை. ஆனால் 4,000 கிலோ போனால் 1,80,000 வந்துவிடுகிறது. நாளுக்கு 11 கிலோ, ஆளுக்கு 200 கிராம் வீதம் 55 பேர். மழை பெய்தாலும் டீ குடிக்கிற 55 பேர். ‘லாபம் குறைவு’ என்று உள்ளூர் வியாபாரத்தைக் கைவிடச் சொல்லும் ப்ராஜெக்ட் அறிக்கைகள் இந்த வரியைப் போட்டுப் பார்ப்பதே இல்லை.

கமிஷன் இன்னொரு பள்ளம். வண்டி ஓட்டுநர் அழைத்துவரும் வாடிக்கையாளருக்கு விற்பனையில் 20 சதவீதம் என்று பேசியிருந்தால், மாணவர் இப்படிக் கழிப்பார்: லாபம் 33 சதவீதம், கமிஷன் 20, மீதி 13. தவறு. 33 என்பது 75-ஐ அடக்கவிலையான 225-ஆல் வகுத்தது. கமிஷனோ விற்பனை விலையின் மேல்: 300-ல் 20 சதவீதம் 60 ரூபாய். மீதி 15. விற்பனை விலையில் வெறும் 5 சதவீதம். சதவீதத்தைக் கண்டால் ‘எதன் மேல்?’ என்று கேட்காமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது.

அப்படியானால் சீசனில் விலையை ஏற்றிவிடலாமே என்பார்கள். சில்லறையாக எடை போட்டுத் தருவதற்குக் கடைக்காரர் விலை மாற்றலாம். பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது, மேலே ஸ்டிக்கர் ஒட்டி ஏற்றவும் கூடாது. அதனால் மே மாத விலையை மார்ச்சில் கவர் அச்சடிக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும். உள்ளூர்க்காரர் கண்முன்னே ஒரே வர்க்கிக்கு இரண்டு விலை பலகை வைப்பதும் வினை. பெட்டி வேறு, எடை வேறு என்று பொருளைப் பிரித்தால்தான் விலையையும் பிரிக்க முடியும்.

மேம்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிளக்ஸ் பேனரைவிட வாசலில் கொடுக்கும் ஒரு துண்டு வர்க்கி அதிகம் விற்கும். பெயர் விஷயம் மட்டும் கவனம்: ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்காக நீலகிரியில் கடை வைத்த எல்லோரும் அந்தக் குறியீட்டு முத்திரையைப் பாக்கெட்டில் போட்டுவிட முடியாது. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

சந்தையின் அளவை மதிப்பிடும்போது ‘லட்சக்கணக்கான சுற்றுலாப் பயணிகள்’ என்று தொடங்குவதையும் விட்டுவிடலாம். வெளியூர் வண்டிகள் மலையேற முன்கூட்டியே எடுக்க வேண்டிய இ-பாஸ் வந்த பிறகு மதிப்பிட நல்ல பிடி கிடைத்திருக்கிறது. 2025 சீசனில் நீலகிரிக்குள் வெளியூர் வண்டிகள் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று உயர்நீதிமன்றம் வரம்பு வைத்தது. வண்டிக்கு நான்கு பேர் என்று பிடித்து, அதில் எத்தனை குடும்பம் வர்க்கி வாங்கும், எத்தனை கடைக்குப் பிரியும் என்று கீழே இறங்கி வந்தால், நம் கடைக்கு வரும் எண் பெரும்பாலும் நினைத்ததில் பத்தில் ஒன்றாக இருக்கும்.

கருத்துக்கணிப்புத் தாளில் ‘வர்க்கி பிடிக்குமா?’ என்று கேட்டால் எல்லோரும் பிடிக்கும் என்றுதான் சொல்வார்கள். கடைசியாக எப்போது வாங்கினீர்கள், எத்தனை கிராம், யாருக்கு, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். சனிக்கிழமை மாலை சேரிங்கிராஸில் மட்டும் நின்றால் உள்ளூர்க்காரர் கணக்கில் வரமாட்டார். செவ்வாய் காலை ஏழு மணிக்கு மார்க்கெட்டிலும், மதியம் பேருந்து நிலையத்திலும் அதே கேள்விகளோடு நிற்க வேண்டும். மூன்று இடத்துத் தாளையும் ஒன்றாகக் கலந்து சராசரி எடுத்துவிடாமல், தனித்தனிக் கட்டாகக் கட்டி வையுங்கள்.