பிடியரிசி போன வழி

எங்கள் ஆச்சி வீட்டு அடுக்களையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சிறு மண்கலயம் இருந்தது. உலை வைக்க அரிசியை அளந்து சுளகில் கொட்டியதும், அதிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போடுவாள். பானையிலிருந்து தனியாக ஒரு பிடி எடுக்க மாட்டாள். சாப்பாட்டுக்கென்று அளந்த அரிசியில்தான் அவள் கை போகும். ஞாயிற்றுக்கிழமை அது ஒரு துணிப்பையில் கட்டப்பட்டுக் கோயிலுக்குப் போகும். இந்த அரிசி எங்கே போகிறது என்று ஒருநாள் கேட்டேன். ஊழியத்துக்கு என்றாள். தன் அம்மா போட்ட அரிசி தோர்னக்கல்லுக்குப் போனதாம். எனக்கு அப்போது எட்டு வயது. தோர்னக்கல் என்பது பைபிளில் வருகிற ஏதோ ஓர் ஊர் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.

ஆச்சி போய்ப் பல ஆண்டுகளான பிறகு, தெலங்கானாவில் உள்ள அந்த ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை போன பிப்ரவரியில்தான் கைகூடியது. புறப்படும் முன் வெள்ளாளன்விளைக்குப் போய் வந்தேன். மெஞ்ஞானபுரத்துக்கு அருகில், தேரிக்காட்டின் செம்மணலும் பனையுமான பகுதி. 1874-ல் அங்கே கிராமப் போதகரின் வீட்டில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாதான் பின்னாளில் தோர்னக்கல்லின் பேராயர். கோயிலுக்குள் சற்று நேரம் முழங்காலில் இருந்தேன். வெளியே பனையோலைகள் காற்றில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்தக் காலத்துப் பனங்காட்டுச் சனங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். விடியுமுன் மரமேறிப் பதநீர் இறக்கி, அதைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கிப் பிழைத்தவர்கள் அவர்களில் பலர். அவர்களைப் போன்றவர்களை நம்பித்தான் 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு யாழ்ப்பாணம் போயிருந்த அசரியா, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தச் செலவில் கடல் தாண்டி ஊழியர்களை அனுப்புவதைக் கண்டு மனம் அசைக்கப்பட்டிருந்தார். இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்பதே சங்கத்தின் உறுதி. அதுவரை வெளிநாட்டு உதவியை வாங்கிப் பழகிய கை, முதன்முறையாகக் கொடுக்க நீண்டது. நிஜாமின் ஆட்சியில் இருந்த, மொழி தெரியாத தோர்னக்கல்லுக்கு ஊழியர்கள் போனார்கள்.

சென்னையிலிருந்து இரவு ரயில். விடிந்ததும் கம்மத்தில் இறங்கி வேறு வண்டி மாறினேன். வழியெல்லாம் பருத்தி, சிவப்பாய்க் காயும் மிளகாய்க் களங்கள், இடையிடையே பனை. பனையைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. நம் ஊரிலிருந்து வந்த அந்த முதல் ஊழியர்களுக்கும் இந்த மரம் ஓர் ஆறுதலாக இருந்திருக்கும்.

தோர்னக்கல் ஒரு ரயில்வே சந்திப்பு. ஊர் சிறியது. ஆனால் அந்தப் பேராலயத்தின் முன் நின்றபோது வார்த்தை வரவில்லை. குவிமாடம் ஒருபுறம், கோயில் மண்டபத்தில் இருப்பது போன்ற தூண்கள் ஒருபுறம். இந்த நாட்டின் எல்லாக் கட்டடக் கலையும் கிறிஸ்துவுக்கு முன் வந்து நிற்பது போல இருந்தது. கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. 1939-ல், குழந்தை இயேசுவுக்குக் கிழக்கத்திய சாஸ்திரிகள் பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் கொண்டுவந்ததை நினைவுகூரும் பிரசன்னத் திருநாளில் பிரதிஷ்டை செய்தார்கள். ஆனால் இந்தத் திருச்சபைக்குப் பொன் கொண்டுவந்தவர்கள் குறைவு. இங்கே ஞானஸ்நானம் பெற்றவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்னும் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்து, கூலியைத் தானியமாக வாங்கியவர்கள். அவர்களிடம் போய் அசரியா கொடுக்கச் சொன்னார்.

இதைச் சிலர் கொடுமை என்றுகூட நினைக்கலாம். நானும் அப்படி யோசித்ததுண்டு. ஆனால் ஏழைக்குக் கொடுக்க ஒன்றுமில்லை என்று தீர்மானிப்பது அவனை மனிதனாகவே எண்ணாததற்குச் சமம். பைபிளில் வரும் சாறிபாத் விதவையிடம் இருந்தது ஒரு பிடி மாவு. தீர்க்கதரிசி எலியா அதைத்தான் கேட்டான். 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அசரியா மேலைநாட்டாரிடம் பேசியதும் இதே மூச்சில்தான். ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். இரண்டு ஆண்டுகளில் அவரே பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர்.

ஞாயிறு ஆராதனை தெலுங்கில் நடந்தது. காணிக்கையை அவர்கள் கானுக என்கிறார்கள். பை வந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் போட்டேன். எத்தனை ரூபாய்த் தாள் என்றுகூடப் பார்க்கவில்லை. எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, சிறு பொட்டலம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கண்மூடி ஜெபித்தாள். பிறகுதான் கொடுத்தாள். அருகிலிருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “பிடிகெடு பிய்யம்.” எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

நம் ஆலயங்களில் இன்று மின்விசிறி இறக்கையில்கூட உபயம் செய்தவர் பெயர் எழுதியிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கும். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்றவருடைய வீட்டிலேயே அப்படி எழுதுகிறோம். பிடியரிசியில் பெயர் எழுத முடியாது. பைக்குள் விழுந்ததும் எது யார் வீட்டு அரிசி என்று ஆண்டவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அசரியா 1945 புத்தாண்டு நாளில் இறந்து இந்த மண்ணிலேயே அடக்கமானார். அப்போது அவருடைய மறைமாவட்டத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விசுவாசிகள் இருந்தார்கள். ஆராதனை முடிந்து வெளியே அவரை நினைத்து நின்றுகொண்டிருந்தபோது, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். சென்னையில் சில காலம் இருந்தவர், தமிழ் நன்றாகவே பேசினார். திருநெல்வேலிப் பக்கம் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாவையும் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவர் முடிக்கும் முன்பே அவள் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துவிட்டாள். வேண்டாம் அம்மா, ரயிலுக்கு நேரமாகிவிடும் என்றேன். பெரியவர் அதை அவளிடம் சொல்லவேயில்லை.

ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும் உள்ள வீடு. எங்களைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு அடுப்பு மூட்டினாள். அவளுக்கென்று மட்டுமானால் ஓர் ஆழாக்கு போதும் போலிருக்கிறது. எங்களையும் சேர்த்து எண்ணி, டம்ளரால் மூன்று முறை அளந்து முறத்தில் கொட்டினாள். விருந்தாளிக்காக அளந்த அரிசி அது. அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, சுவரோரம் இருந்த பழைய பால்மாவு டப்பாவில் போட்டு மூடிவிட்டு, மிச்சத்தைக் களையத் தொடங்கினாள்.