பப்பாளி: விதை போட்டது முதல் காய் பிடித்தது வரை

பழத்திலிருந்து வழித்த விதையை அப்படியே மண்ணில் போட்டால் முளைப்பு ஏனோதானோதான். விதையைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான உறை முளைப்பைத் தடுக்கிறது. சல்லடையில் போட்டுத் தேய்த்து, உறை பிய்ந்து வழுவழுப்பு போகும்வரை கழுவி, நிழலில் உலர்த்தியதும் வித்தியாசம் தெரிந்தது. தண்ணீரில் மிதப்பது பெரும்பாலும் பொக்கு. ஒரு செ.மீ. ஆழத்தில் ஊன்றி, 25 முதல் 30 டிகிரி சூடு இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் முளை வரும், குளிரில் இழுத்தடிக்கும்.

நாற்று தரையை ஒட்டி நீர் கோத்ததுபோலாகிச் சாய்ந்தால் அது நாற்றழுகல். நெருக்கமும் அதிகத் தண்ணீரும்தான் காரணம். மேல்மண் காய்ந்த பிறகே ஊற்ற வேண்டும்.

சாண் உயரம் வந்ததும் மண்கட்டி உடையாமல் மாற்றி நடவு. ஒரு குழிக்கு மூன்று நாற்று, அரை முழ இடைவெளியில். குழிக்குக் குழி ஆறடி. மூன்று எதற்கென்றால், பப்பாளியில் ஆண், பெண், ஒரே பூவில் இரண்டும் சேர்ந்த இருபால் என மூன்று வகை மரம் உண்டு; பூக்கும்வரை எது எந்த வகை என்று பார்த்துச் சொல்ல முடியாது. விதை நிறத்தையும் வேர் அமைப்பையும் வைத்துச் சொல்வதெல்லாம் வெறும் ஊகம். இருபால் மரம் தன் மகரந்தத்தாலேயே காய்த்த பழமானால், அதன் விதையில் இரண்டு பங்கு இருபால், ஒரு பங்கு பெண், ஆணே வராது. ஆக, மூன்றும் பெண்ணாகப் போக 27-ல் ஒரு வாய்ப்புதான். ஆண் மரத்து மகரந்தம் பட்ட பெண் மரத்துப் பழம் என்றால் பாதிக்குப் பாதி ஆண்.

மொட்டு விட்டதும் ஒன்றைப் பிளேடால் நெடுக்கே கீறிப் பார்க்கலாம். அடி பருத்து நுனி கூம்பி, உள்ளே உருண்ட சூலகம் (காயாக மாறும் பகுதி) மட்டும் இருந்தால் பெண். நீண்ட சூலகத்தைச் சுற்றி மஞ்சள் மகரந்தப் பைகள் தெரிந்தால் இருபால். ஆணுக்குக் கீறவே தேவையில்லை, நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்கும். இருபால் மரம் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தரையோடு வெட்டிவிட வேண்டும். பிடுங்கினால் நிற்கிற மரத்தின் வேரும் அறுபடும்.

பலர் ஏமாறுவது இதற்குப் பிறகு. இருபால் மரம் வானிலைக்கேற்பப் பூவை மாற்றும். கடும் வெயிலிலும் வறட்சியிலும் சூலகம் சுருங்கி ஆண் பூவாகி உதிரும்; அந்தக் காலத்தில் வளர்ந்த தண்டுப் பகுதி காயில்லாமல் வெறுமையாக நிற்கும். குளிரும் ஈரமும் தழைச்சத்தும் கூடினால் மகரந்தப் பைகளைத் தாங்கும் மகரந்தத்தாள்கள் சூலகத்தோடு ஒட்டி, காய் கோணல்மாணலாகப் பிதுங்கும். அதைச் சிறிதிலேயே கிள்ளிவிடுங்கள், மரத்தை வெட்ட வேண்டாம். 21 முதல் 33 டிகிரிக்குள் வந்ததும் அடுத்த பூக்கள் சரியாகும். பெண் மரத்துக்கு இந்தக் குழப்பம் கிடையாது, ஆனால் மகரந்தத்துக்கு அருகே வேறு மரம் வேண்டும்.

தண்ணீர் தேங்கினால் இரண்டே நாளில் வேர் மூச்சுத் திணறி, அடி இலைகள் மஞ்சளாகிக் கொட்டும். ஓரடி உயர மேட்டில் நடுவதே பாதுகாப்பு. இலைக்காம்பில் எண்ணெய் பூசியதுபோல் கோடுகளும் காயில் வளையங்களும் தெரிந்தால் அசுவினிப் பூச்சி பரப்பும் வளையப்புள்ளி வைரஸ். மருந்து இல்லை, அந்த மரத்தை அன்றே அகற்றிவிட வேண்டும்.