நடு வட்டம்

கோவையில் பம்புசெட் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருடம் ஆள் எடுக்கும் வேலை பார்த்தேன். டிப்ளமோ முடித்துவிட்டு டிரெயினியாகச் சேர வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் காலையில் இரண்டு தாள் கொடுப்போம். ஒன்று நுண்ணறிவுச் சோதனை. விடுபட்ட படத்தைக் கண்டுபிடிப்பது, அடுத்த எண் எது என்பது போன்ற கேள்விகள்; நேரம் முடிந்ததும் தாளை வாங்கிவிடுவோம். இன்னொன்று ஆளுமை வினாத்தாள். ஐம்பது வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து வட்டங்கள். ‘எனக்குக் கொஞ்சமும் பொருந்தாது’ என்பதில் தொடங்கி ‘மிகவும் பொருந்தும்’ வரை. அதற்கு நேரக் கணக்கு கிடையாது. இரண்டுமே ஆங்கிலத்தில்தான் இருந்தன. இரண்டு மதிப்பெண்ணும் கோப்பின் முதல் பக்கத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக ஏறும்.

அப்படி ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்ததில்தான் வினையே. மேலே உள்ள எண்ணைப் பார்த்த கண், அதே நினைப்போடு கீழே உள்ளதையும் படித்துவிடும். மேலே அதிகம், கீழே குறைவு என்றால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று தோன்றும். எனக்கும் பல வருடம் அப்படித்தான் தோன்றியது.

ஒரு வருடம் தர்மபுரி பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். பத்தாவது வரை தமிழ் வழி, பிறகு அரசு பாலிடெக்னிக். படக் கேள்விகளில் அந்த பேட்சிலேயே முதல் இரண்டு பேரில் அவர் ஒருவர். ஆனால் ஆளுமைத் தாளில் ‘புதியதை ஏற்கும் மனம்’ என்ற பகுதியில் மதிப்பெண் மிகவும் சாதாரணம். தாளைப் புரட்டினால் அந்தப் பகுதியில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் நடு வட்டத்தையே நிரப்பியிருந்தார். நான் கோப்பில் எழுதினேன்: ‘சொன்னதைச் செய்வார். புதிதாக யோசிக்கும் ஆர்வம் இல்லை.’ நேர்காணல் குழுவில் இருந்த ஒருவர் அதைப் படித்துவிட்டு, “அப்ப அந்த மார்க் ஏதோ குருட்டுவாக்குல வந்ததா இருக்கும்” என்றார். நான் மறுத்துப் பேசவில்லை.

சாயங்காலம் பஸ் செலவுக்குக் கையெழுத்துப் போட என் மேசைக்கு வந்தார். அவருடைய தாள் மேலேயே கிடந்தது. சும்மா கேட்டேன், “எல்லாத்துக்கும் நடுவுலயே போட்டிருக்கீங்களே தம்பி, ஏன்?”

ஒரு வார்த்தையின் மேல் விரலை வைத்தார். ‘அப்ஸ்ட்ராக்ட்’. “இது என்னன்னு தெரியல மேடம். தெரியாததுக்கு நடுவுல போட்டா தப்பில்லைன்னு ஃப்ரெண்டு சொன்னான்.”

அந்த வாக்கியத்தைத் தமிழில் சொன்னேன். கண்ணுக்குத் தெரியாத விஷயங்களை, இது ஏன் இப்படி இருக்கிறது என்று யோசிப்பது பிடிக்குமா என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “மோட்டாரை நிறுத்தினதும் பைப்புல டொம்முனு ஒரு சத்தம் வரும்ல மேடம், எங்க தோட்டத்துல. அது ஏன் வருதுன்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன்.”

“என்ன கண்டுபிடிச்சீங்க?”

“மேல ஏறிட்டிருக்கிற தண்ணியைத் திடீர்னு விட்டா அது சும்மா நிக்காதுல்ல, திரும்பி வருது. வந்து வால்வுல முட்டுது. தண்ணிக்கு அவ்வளவு கனம் இருக்குன்னு அப்பதான் மேடம் தெரிஞ்சது.”

தண்ணீர் பம்பு செய்யும் கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்டேன். எங்கள் இன்ஜினியர்கள் வகுப்பெடுத்துச் சொல்லிக் கொடுக்கும் விஷயம் அது. எழுந்து போய்க் குழுவிடம் சொன்னேன். பட்டியல் டைப் ஆகிவிட்டது என்றார்கள். அந்த வருடம் அவர் பெயர் அதில் இல்லை. நான் எழுதிய இரண்டு வரிக்கு அதில் பங்கு உண்டு என்பதை இன்றுவரை நான் மறந்ததில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த இரண்டு தாளுக்கும் உண்மையில் என்ன உறவு என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். எம்.பி.ஏ.வில் இதை ஒரு பக்கத்தில் கடந்துவிட்டோம். பி.எட். படித்த என் அக்காவின் பழைய உளவியல் புத்தகத்தில் கூட இதைவிட அதிகம் இருந்தது.

முதலில் என் மனதில் பதிந்தது ஒரு எளிய வேறுபாடு. லீ குரோன்பாக் என்ற உளவியலாளர் 1949லேயே சொல்லிவிட்டார். நுண்ணறிவுச் சோதனை ஒருவர் முழு மூச்சாக முயன்றால் எதுவரை போக முடியும் என்று பார்க்கிறது. ஆளுமை வினாத்தாள் அவர் சாதாரண நாளில் எப்படி இருப்பார் என்று கேட்கிறது, அதுவும் அவர் வாயாலேயே. எங்கள் டெஸ்டிங் பெஞ்சில் டெலிவரி வால்வை முழுக்க மூடிவிட்டு, பம்பு எவ்வளவு உயரத்துக்கு அழுத்தம் கொடுக்கிறது என்று பார்ப்பார்கள். விவசாயி அந்தப் பம்பைத் தினமும் எவ்வளவு நேரம் ஓட்டுவார், எந்த நிலையில் ஓட்டுவார் என்பது வேறு கேள்வி. முதல் அளவிலிருந்து இரண்டாவதை யாரும் கணக்குப் போட்டுச் சொல்வதில்லை. மனிதர் விஷயத்தில் மட்டும் நாங்கள் அதைச் செய்துகொண்டிருந்தோம்.

இரண்டுக்கும் ஒட்டே இல்லையா என்றால், கொஞ்சம் இருக்கிறது. 1997இல் ஆக்கர்மன், ஹெகஸ்டாட் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டார்கள். ஆளுமையை உளவியலாளர்கள் ஐந்து பண்புகளாகப் பிரித்துப் பார்ப்பார்கள். அந்த ஐந்தில் நுண்ணறிவோடு ஓரளவு சேர்ந்து போனது புதியதை ஏற்கும் மனம் ஒன்றுதான். ஒட்டுறவுக் கெழு 0.33. இரண்டு விஷயம் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்பதற்கான எண் இது; 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுக்கச் சேர்ந்து போகிறது. பதற்ற இயல்பு எதிர்ப்பக்கமாக 0.15, அதாவது ஒன்று கூடினால் மற்றது கொஞ்சம் குறையும். கலகலப்பாகப் பழகும் இயல்புக்கு 0.08. பொறுப்புணர்வு 0.02, இணக்கம் 0.01. கடைசி இரண்டும் இல்லை என்றே சொல்லலாம். 2022இல் ஆஸ்திரேலியாவின் ஜெரோமி ஆங்லிமும் அவருடன் சேர்ந்தவர்களும் 1,62,636 பேரின் தரவை வைத்து மறுபடி பார்த்தபோது அந்த 0.33 என்பது 0.20 ஆக இறங்கியது, பதற்றம் 0.09 ஆக இறங்கியது.

0.20 என்றால் எவ்வளவு என்பதை எங்கள் மேலாளருக்கு நான் இப்படிச் சொல்லிக் காட்டினேன். புதியதை ஏற்கும் மனத்தில் மேல் பாதியில் இருக்கும் 100 பேரை வரிசையாக நிறுத்துங்கள். அவர்களில் சுமார் 56 பேர் நுண்ணறிவுச் சோதனையிலும் மேல் பாதியில் இருப்பார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றால் 50 பேர் இருப்பார்கள். நூற்றுக்கு ஆறு பேர் வித்தியாசம். அந்த ஆறு பேரை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி எதுவும் எழுத முடியாது.

அந்த ஆறு பேர் கூட எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்த்தபோது எனக்குக் கோபமே வந்தது. எங்கள் வினாத்தாளில் இருந்த வாக்கியங்கள் அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் கோல்ட்பெர்க் தொகுத்து, யாரும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டவை. அதில் இந்தப் பண்புக்கான பத்து வாக்கியங்களை எடுத்துத் தமிழில் எழுதிப் பார்த்தேன். ‘எனக்கு நிறையச் சொற்கள் தெரியும்.’ ‘நான் கடினமான சொற்களைப் பயன்படுத்துவேன்.’ ‘எதையும் சட்டென்று புரிந்துகொள்வேன்.’ ‘அருவமான கருத்துகளைப் புரிந்துகொள்வது எனக்குக் கஷ்டம்.’ பத்தில் நான்கு, ‘நீ கெட்டிக்காரனா?’ என்பதையே வேறு வேறு விதமாகக் கேட்கின்றன. ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லும் கெட்டிக்காரத்தனமும் சோதனையில் தெரியும் திறனும் ஓரளவாவது ஒத்துப்போகத்தானே செய்யும்?

ஆங்லிம் குழுவின் ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. இந்த ஒட்டுறவு, படித்துச் சேர்த்த அறிவோடு கூடுதலாகவும், அந்த நிமிடத்தில் ஒரு புதிய சிக்கலை அவிழ்க்கும் திறனோடு குறைவாகவும் இருக்கிறது. எங்கள் படக் கேள்விகள் அளப்பது இரண்டாவதை. வார்த்தை தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. ஆளுமைத் தாளோ வார்த்தை தெரிந்தால்தான் நகரும். தர்மபுரித் தம்பியின் கோப்பில் இருந்த இரண்டு எண்ணும் சண்டை போடவே இல்லை. ஒன்று அவர் மூளையைப் பார்த்தது, மற்றது அவர் ஆங்கிலத்தைப் பார்த்தது. நான்தான் இரண்டையும் கோத்து ஒரு ஆளைச் செய்து எழுதிவிட்டேன்.

பதற்றம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஸ்டாப்வாட்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு மேற்பார்வையாளர் நடந்தால் சிலருக்குக் கை நடுங்கும். அன்றைக்குக் குறைந்த மதிப்பெண்ணில் எவ்வளவு திறன், எவ்வளவு பயம் என்று பிரித்துச் சொல்ல ஒற்றைத் தாளால் முடியாது. பரீட்சை பயத்தைப் பற்றி நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும்.

பொறுப்புணர்வு கதைதான் என்னை ரொம்ப நாள் அலைக்கழித்தது. ஷாப் ஃப்ளோரில் ஒரு ஃபோர்மேன் இருந்தார். முப்பது வருட அனுபவம், எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் அடிக்கடி சொல்வார்: “மேடம், நீங்க வேணா பாருங்க. நேரத்துக்கு வந்து, டூல்ஸைத் தொடச்சு அடுக்கி வெக்கிறவனுக்கு மூளை கொஞ்சம் மட்டு. மூளைக்காரன் பூராம் சோம்பேறி. ரெண்டும் ஒரு இடத்துல சேராதுங்க.” ஆராய்ச்சி பூஜ்யம் என்கிறது, அண்ணனோ தினமும் கண்ணால் பார்ப்பதாகச் சொல்கிறார். எங்கள் டிரெயினிகளின் மதிப்பெண்களை எக்ஸெல்லில் போட்டுப் பார்த்தேன். அண்ணன் சொன்னது சரி! பொறுப்பு மேலே போகப் போக நுண்ணறிவு கீழே சரிந்தது. வெளிநாட்டிலும் சிலர் இதே சரிவைக் கண்டு, மூளை குறைந்தவர்கள் அதை உழைப்பால் ஈடுகட்டுகிறார்கள் என்று விளக்கம் சொல்லியிருக்கிறார்கள்.

மறு வாரம் வேலை கிடைக்காமல் திரும்பிப் போனவர்களின் தாள்களையும் ஸ்டோரிலிருந்து எடுத்து அதே பட்டியலில் சேர்த்தேன். சரிவு காணாமல் போய்விட்டது. புள்ளிகள் மழைத்துளி மாதிரி எங்கும் சிதறிக் கிடந்தன.

என்ன நடந்தது என்பதை அண்ணனுக்கு இரண்டு பகடையை வைத்து விளக்கினேன். ஒன்று மூளை, இன்னொன்று பொறுப்பு. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் விழுகின்றன. கூட்டினால் 9 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் வேலை என்று வைப்போம். மூளையில் 3 விழுந்தவர் பொறுப்பில் 6 வாங்கியிருந்தால் மட்டுமே உள்ளே வந்திருப்பார். மூளையில் 6 விழுந்தவருக்குப் பொறுப்பில் 3, 4, 5, 6 எதுவானாலும் போதும், சராசரி 4.5. கம்பெனி கேட்டுக்கு உள்ளே நிற்பவர்களை மட்டும் பார்த்தால் மூளை குறைந்தவரெல்லாம் உழைப்பாளி, மூளைக்காரரெல்லாம் கொஞ்சம் மெத்தனம். அந்த விதியை உண்டாக்கியது எங்கள் கட் ஆஃப். 2014இல் ஒரு ஆய்வுக் குழுவும் இப்படி ஆள் எடுக்கும் முறையாலேயே அந்தச் சரிவு வரலாம் என்று காட்டியிருந்ததைப் பிற்பாடு படித்தபோது நிம்மதியாக இருந்தது.

அண்ணன் பகடையை நிறைய நேரம் உருட்டிக்கொண்டிருந்தார். கடைசியில், “ரெண்டுலயும் ஆறு விழறவனும் இருக்கானுங்களே” என்றார். இருக்கிறார்கள். அவர்களையும் நாம் ‘உழைப்பாளி, அதனால் சுமார் மூளை’ என்ற பெட்டியில் போட்டு அசெம்ப்ளியிலேயே வைத்திருந்தோம். அந்த வாரமே இருவரை டிசைன் பிரிவுக்கு அனுப்பச் சொல்லி அவரே பேர் கொடுத்தார்.

மேலாளரின் கேள்வி நியாயமானது: “அப்படின்னா ரெண்டு டெஸ்டும் எதுக்கு?” நுண்ணறிவுச் சோதனை வேலைத் திறனை எவ்வளவு முன்கூட்டிச் சொல்லும் என்பதற்கு 1998இல் ஷ்மிட், ஹன்டர் இருவரும் கொடுத்த 0.51 என்ற ஒட்டுறவு எண்ணைத்தான் எல்லாப் பயிற்சி வகுப்பிலும் மந்திரம் போல் சொல்வார்கள். 2022இல் சாக்கெட் குழு அதை 0.31 என்று திருத்தியது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடும் நேர்காணல் 0.42 என்று முதலிடத்துக்கு வந்தது. அதைக் காட்டித்தான் எங்கள் நேர்காணலை மாற்றச் சம்மதம் வாங்கினேன். வால்வு சத்தம் ஏன் வருகிறது என்பது இப்போது எல்லோரிடமும் கேட்கும் கேள்விகளில் ஒன்று.

இரண்டு தாளையும் நிறுத்தவில்லை. மதிப்பெண்களை வேறு வேறு பக்கத்தில் ஏற்றினோம். ஒன்றைப் பார்க்கிறவர் மற்றதைப் பார்ப்பதற்குள் தன் கருத்தை எழுதிவிட வேண்டும். ஐம்பது வாக்கியங்களையும் நானும் ஒரு தமிழாசிரியரும் சேர்ந்து பேச்சுக்கு நெருக்கமான தமிழில் எழுதினோம். ‘அருவமான’ என்று எழுதினால் பாதிப் பேர் மறுபடி நடு வட்டத்துக்கே போவார்கள் என்று அவர்தான் அடித்துவிட்டு, ‘கண்ணால் பார்க்க முடியாத’ என்று போட்டார். நானே தாளைக் கொடுத்து, முதல் ஐந்து வாக்கியத்தைப் படித்துக் காட்டுவேன். நடு வட்டம் என்பது ‘புரியவில்லை’ என்பதற்கான இடம் கிடையாது, புரியாவிட்டால் கையைத் தூக்குங்கள் என்று சொல்வேன்.

நான் வேலையை விடுவதற்கு முந்தைய மாதம் ஒரு பெண் அப்படிக் கையைத் தூக்கினார். ஈரோட்டுப் பக்கம், எலக்ட்ரிகல் டிப்ளமோ. எந்த வார்த்தை என்று கேட்டேன்.

“வார்த்தை எல்லாம் புரியுதுங்க மேடம். ‘பொருள்களை அந்தந்த இடத்தில் வைப்பேன்’னு இருக்கு. வீட்டுல நான் எப்படி இருக்கேங்கிறதுக்கா, லேபுல எப்படி இருக்கேங்கிறதுக்கா?”

“வீட்டுல எப்படி?”

“அம்மா திட்டிட்டே இருப்பாங்க. லேபுல ஒரு ஒயர் கூட மாறாதுங்க.”

எதற்கு அவர் பதில் எழுதிக்கொண்டிருந்தார் என்று கேட்டேன். வீட்டுக்கு என்றார். வேலை செய்யும் இடத்தை நினைத்து எழுதுங்கள் என்று அறைக்கே கேட்கும்படி சொன்னேன். நான்கைந்து பேர் தலைநிமிர்ந்து பார்த்தார்கள். அந்தப் பெண் பென்சிலைத் திருப்பி, நிரப்பியிருந்த முதல் பக்கம் முழுவதையும் ஒவ்வொரு வட்டமாக அழிக்கத் தொடங்கினார்.